எழும்பி நிற்பதா, இருந்து பார்ப்பதா? வெளியூர் ஆட்டங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "அணியோடு வெளியூர் போகிறவர் இருந்து பார்க்கக் கூடாது, நின்றுதான் பார்க்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்தவை வேறு. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை உதைபந்தாட்டம் பார்க்கப் போகிறவர்களின் கால்களைப் பற்றி மட்டும் பேசலாம். அந்த வரியில் எனக்கே இப்போது ஒரு திருத்தம் இருக்கிறது.

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. எங்கள் ஊர்க் கழகம் எங்கே விளையாடினாலும் போகிறவர். போன மாதம் பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் போய், சீமெந்துப் படிகளில் இருந்து பார்த்தோம். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் முன்னால் இருந்த எங்கள் பொடியள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். "தம்பி, கொஞ்சம் இருங்க, ஒண்டும் தெரியுதில்ல" என்றார் அப்பா. "இருக்கணுமெண்டா ஊட்ட இருந்து டிவியில பாருங்க" என்றான் ஒருவன். அப்பா பிறகு வாய் திறக்கவில்லை. நாங்கள் போட்ட ஒரே கோலையும் அவர் காணவில்லை. நீங்களும் நிற்கத்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா கேட்டது பிழையா?
(செங்கலடியிலிருந்து ஒரு வாசகர்)

தம்பி, அப்பா கேட்டது பிழை இல்லை. என் வரிதான் பிழை.

ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். எங்கள் கழகத்துக்கு நான் 19 வருடம் செயலாளராக இருந்தவன். பஸ் பிடிப்பது, சாப்பாட்டுப் பார்சல் கட்டுவிப்பது, காயம்பட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது எல்லாம் என் பொறுப்பு. யுத்தத்தால் பூட்டிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதை, ஏ9 வீதி, 2002இல் திறந்த பிறகு ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்கு யாழ்ப்பாணம் போனோம். இரவு புறப்பட்டு, பொலன்னறுவை, ஹபரணை, வவுனியா என்று சுற்றி, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒரு முறை, முகமாலைச் சாவடியில் ஒரு முறை சாமான் சட்டெல்லாம் இறக்கிக் காட்டி, மறுநாள் பின்நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பக்கம் மொத்தம் 38 பேர். எதிர்ப்பக்கம் ஊரே திரண்டு நின்றது. முதல் பாதியிலேயே இரண்டு கோல் வாங்கிவிட்டோம். நித்திரை இல்லாத உடம்பு, வெயில் வேறு. 38 பேரும் அப்படியே மண்ணில் இருந்துவிட்டோம்.

இடைவேளை முடிந்து அணி திரும்ப இறங்கும்போது எங்கள் கோல் காப்பாளர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். முதலில் ஒருவர் எழும்பினார். பிறகு எல்லாரும் எழும்பினோம். கடைசி விசில் வரைக்கும் ஒருவரும் இருக்கவில்லை. தோற்றுத்தான் வந்தோம். ஆனால் பஸ் படியில் நின்று அந்தக் கோல் காப்பாளர் எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஏற்றிவிட்டார். சொந்த மைதானத்தில் ஆயிரம் பேர் இருந்துகொண்டு கைதட்டினாலும் சத்தம் கேட்கும். வெளியூரில் நாம் 38 பேர். எழும்பினால்தான் நாம் வந்திருக்கிறோம் என்பதே ஆட்டக்காரனுக்குத் தெரியும். என் வரி அந்த நாளிலிருந்து வந்தது.

அந்த வரியில் விட்டுப்போனது உங்கள் அப்பா. யாழ்ப்பாணத்தில் நாங்கள் மண் தரையில் ஒரே வரிசையாக நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. நீங்கள் போன இடமோ படிக்கட்டு. நம் பக்கத்துப் படிகள் பெரும்பாலும் ஒரு அடி உயரம்தான் இருக்கும். முன்னால் இருப்பவன் எழும்பும்போது அவன் தலை ஒன்றரை அடிக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. அதற்குப் பின்வரிசைக்கு ஒரு படியால் கிடைக்கும் ஒரு அடி எந்த மூலைக்குக் காணும்? ஆகவே அவர்களும் எழும்ப வேண்டும். அவர்கள் எழும்பினால் அதற்குப் பின்னால் உள்ளவர்கள். கடைசி வரிசை வரைக்கும் இது போய்த்தான் நிற்கும். முன்வரிசையில் பத்துப் பொடியள் எடுத்த முடிவு, பின்னால் இருக்கிற நூறு பேரின் முழங்கால்களுக்கும் சேர்த்து எடுத்த முடிவாகிவிடுகிறது. அதில் எழும்ப முடியாத ஒருவருக்கு மிஞ்சுவது, முன்னால் நிற்பவனின் வியர்வையில் நனைந்த சேர்ட்டின் முதுகு மட்டும்.

இது நமக்குப் புதிய விஷயம் இல்லை. கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். வட்டக்களரியைச் சுற்றி முதலில் பாயில் சிறுசுகள், அவர்களுக்குப் பின்னால் வயது போனவர்கள், அதற்குப் பின்னால் வாங்கு போட்டு இருப்பவர்கள், கடைசியில் நிற்கிற இளந்தாரிகள். விடிய விடியக் கூத்து நடக்கும், யாரும் யாருக்கும் மறைப்பதில்லை. கூத்தை நடத்துகிற அண்ணாவியார் வந்து எவரையும் இடம் மாற்றி விடுவதில்லை, அது தானாக அமைந்த ஒழுங்கு. மைதானத்துக்கு வந்ததும் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டோம். உசாரான பொடியள் முன்னுக்கு ஓடி இடம் பிடிக்கிறார்கள், வயது போனவர்கள் ஆறுதலாக இறங்கி வந்து பின்னுக்குப் போகிறார்கள்.

ஆகவே என் வரியை இப்படித் திருத்துகிறேன்: நிற்கிறவர்கள் மேல் படிகளில் நிற்கட்டும், இருக்கிறவர்களுக்குக் கீழ்ப் படிகளை விடட்டும். மேலே நின்று போடுகிற சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கும். இதை ஆட்டம் தொடங்கிப் பத்தாம் நிமிடத்தில் சொன்னால் எடுபடாது. பஸ் புறப்பட முதல் சொல்ல வேண்டும், செயலாளர் வாயால் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை சொன்ன பொடியன் இதைப் படித்தால், தம்பி, நீ ஒரு நாள் பின்நேரம் அவர் வீட்டுக்குப் போய் அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று அவருக்கு விளக்கமாகச் சொல்லு. எந்தப் பக்கத்தால் பந்து வந்தது, யார் கொடுத்தது, எல்லாம்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் காக்கா (அண்ணன்) சொல்கிறார், அங்கே வெளியூர் ஆட்டத்துக்குப் போகிற ரசிகர்கள் கதிரைக்குக் காசு கொடுத்து டிக்கட் எடுத்துவிட்டு, 90 நிமிடமும் அந்தக் கதிரைக்கு முன்னால் நிற்பார்களாம். பிறகு எதற்குக் கதிரை? நிற்பது அங்கே தடை என்றும் கேள்விப்பட்டேன். எது சரி?
(அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர்)

இரண்டும் சரி. நானே போய் நின்று பார்த்தவன்.

2018இல் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். மருமகன் ஒரு சனிக்கிழமை என்னை வடக்கே ஒரு பழைய மைதானத்துக்கு, அவருடைய அணியின் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் நாலு மணி நேரம். டிக்கட் 30 பவுண்ஸ். அந்த நாட்டின் முதல் பிரிவான பிரிமியர் லீக்கில் 2016 பருவத்திலிருந்து வெளியூர் ரசிகர்களிடம் அதற்கு மேல் எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரருக்கு ஒதுக்க வேண்டியது 3,000 இடம், சிறிய மைதானமானால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. எங்களுக்குக் கிடைத்தது ஒரு மூலை. உள்ளே போனதிலிருந்து ஒருவர்கூடக் கதிரையில் இருக்கவில்லை. மைதான விதிப்படி இருக்க வேண்டும். சுவரில் அறிவித்தலும் இருந்தது. மஞ்சள் சட்டை போட்ட பணியாளர்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு கோல் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் முன்னுக்குச் சரிந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த கதிரையின் முதுகு என் முழங்காலுக்குக் கீழே, எலும்பில் நேராக அடித்தது. மருமகன் தோளில் பிடிக்காவிட்டால் நான் அந்தக் கதிரைக்கு மேலால் போய் விழுந்திருப்பேன். கண்டல் மாற ஒரு கிழமைக்கு மேல் சென்றது. இருப்பதற்குச் செய்த கதிரைக்கு முன்னால் நிற்பது, இருப்பதை விடவும் ஆபத்து, வெறும் படியில் நிற்பதை விடவும் ஆபத்து என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சரி, கதிரை ஏன் வந்தது? 1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி, லிவர்பூலும் நொட்டிங்ஹாம் பொரஸ்டும். நடந்தது ஷெஃபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில். அது இரண்டு அணிக்கும் சொந்த மைதானம் இல்லை, ஆக இரண்டு பக்கமும் வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். லிவர்பூல் பக்க வாசலில் நெரிசல் கூடியது. பின்நேரம் 2.52க்கு வெளியேறும் பெரிய வாசல் ஒன்றைத் திறக்கச் சொன்னது பொலிஸ். உள்ளே வந்தவர்களுக்கு நேரே தெரிந்தது ஒரு சுரங்கப் பாதை. அது போய் முடிந்த, நின்று பார்க்கும் படிகளின் நடுப் பகுதிகள் இரண்டும் ஏற்கனவே நிறைந்திருந்தன. இரு கரையிலும் உள்ள பகுதிகளில் இடம் இருந்தது. அங்கே போகும் வழி வந்தவர்களுக்குத் தெரியாது, காட்டிவிடவும் வாசலில் ஆள் இல்லை. முன்னால் உயரமான இரும்பு வேலி. ஆட்டத்தை நிறுத்தியது 3.06க்கு. அந்த நெரிசலில் பட்டு இறந்தவர்கள் 97 பேர். கடைசி மனிதர் அன்றைய காயங்களோடு 32 வருடம் கிடந்து 2021இல் இறந்தார். ரசிகர்கள் குடித்துவிட்டு வந்து இடித்தார்கள் என்று வருடக்கணக்காகப் பழி சொன்னார்கள். 2016இல் மரண விசாரணை ஜூரி, இது சட்டவிரோதக் கொலை என்றும் ரசிகர்கள் மேல் பிழை இல்லை என்றும் தீர்ப்புச் சொன்னது. பிள்ளையை ஆட்டம் பார்க்க அனுப்பிய ஒரு தாய் அந்தத் தீர்ப்பைக் கேட்க 27 வருடம் காத்திருந்தாள். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதற்குப் பிறகு, இந்த அனர்த்தத்தை விசாரித்த டெய்லர் நீதிபதியின் அறிக்கை வந்தது, 1990இல். அவரும் நிற்பது இயல்பிலேயே ஆபத்து என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கதிரை போடுவதுதான் பாதுகாப்புக்குப் பெரிய வழி என்று முடிவு செய்தார். 1994 ஓகஸ்டுக்குள் மேல் இரண்டு பிரிவு மைதானங்களிலும் நிற்கும் படிகள் போக வேண்டும் என்றானது. படிகள் போயின. வெளியூர் ரசிகர்கள் மட்டும் இருக்கவே இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கதிரைகளுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்கள்.

கடைசியில் 2022 ஜனவரி 2ஆம் திகதி, செல்சியும் லிவர்பூலும் ஆடிய ஆட்டத்தில், அனுமதி பெற்ற நிற்கும் பகுதி மறுபடி வந்தது. முதலில் ஐந்து மைதானங்களில் பரீட்சித்தார்கள். அடுத்த பருவத்திலிருந்து நிபந்தனைக்கு உட்பட்ட எந்த மைதானமும் அனுமதி கேட்கலாம் என்றானது. முறை இதுதான்: ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவில் ஒரு இரும்புக் கம்பி. கதிரையும் இருக்கும், மடித்து விடலாம். ஒருவருக்கு ஒரு இடம், டிக்கட்டில் உள்ள அதே இலக்கம். கோல் விழுந்து ஆட்கள் சரிந்தாலும் கம்பி பிடித்துக்கொள்ளும், முன்வரிசை மேல் போய் விழ முடியாது. சொந்த ரசிகர் பகுதியில் மட்டும் செய்துவிட்டு வெளியூர்ப் பகுதியை விட்டுவிட முடியாது. அதோடு, நிற்கிறவர்களால் மற்றப் பகுதிகளில் இருக்கிறவர்களுக்குப் பார்வை மறையக் கூடாது. செங்கலடித் தம்பியின் அப்பாவுக்கு நான் சொன்னதும் இதைத்தான்.

ஜேர்மனியில் இதை விட்டுக்கொடுக்கவே இல்லை. டோர்ட்முண்ட் மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் மட்டும் 25,000 பேரளவில் நிற்கிறார்கள். ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்களுக்கு எல்லாரும் கதிரையில் இருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்ததால், அந்த ஆட்டங்களுக்கு மட்டும் கதிரை போட்டார்கள், 81,000 பேர் கொள்ளும் மைதானம் 66,000 ஆகச் சுருங்கியது. 2022இலிருந்து ஜேர்மனி உட்படச் சில நாடுகளுக்கு அதிலும் பரீட்சார்த்தமாக விட்டுக்கொடுத்தார்கள்.

உங்கள் காக்காவிடம் கேளுங்கள், அவர் போகிற மைதானத்தில் கம்பி வந்துவிட்டதா என்று. வராவிட்டால் முழங்காலுக்குக் கீழே தடித்த மேசு (காலுறை) போடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கே போனாலும் வெளியூர்க்காரருக்கு வெயில் பக்கத்தைத்தான் தருகிறார்கள். குடை பிடிக்கலாமா?
(களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்)

குடை வேண்டாம். ஒரு குடை மூன்று பேருக்கு மறைக்கும். தொப்பி போடுங்கள், ஈரத் துவாயைக் கழுத்தில் போடுங்கள். நம் பக்கத்தில் ஆட்டம் தொடங்குவது பின்நேரம் நாலு மணி அளவில், சூரியன் மேற்கே சாய்ந்திருக்கும். மேற்குக் கோட்டுப் பக்கம் நின்றால் வெயில் முதுகில். கிழக்குப் பக்கம் நின்றால் கண்ணில். கடிதம் மூலம் ஆட்டம் ஒழுங்கு செய்யும்போதே மேற்குப் பக்கம் தர முடியுமா என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். நான் கேட்டு இரண்டு இடத்தில் தந்திருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் கால் போட்டிருக்கிறேன். அரை மணிக்கு மேல் நின்றால் அடிப்பக்கம் புண்ணாகிவிடும். கழகத்து பஸ்ஸில் என்னை யாரும் வர வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் எல்லாரும் நிற்கும்போது நான் மட்டும் இருந்தால் ஏதோ மனமில்லாமல் வந்தவன் போல இருக்கிறது. ஆகவே இரண்டு வருடமாகப் போகவில்லை. உங்கள் வரியைப் படித்ததும், போகாமல் விட்டது சரி என்று நினைத்தேன்.
(வவுணதீவிலிருந்து ஒரு வாசகர்)

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் வரி உங்களை இப்படிப் போய் அடிக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள். அடுத்த பஸ்ஸில் போங்கள்.

எங்கள் கழகத்தோடு ஒரு பெரியவர் வருவார். வாவியில் தோணி விட்டவர், இடுப்பு பிடித்துப்போய் நிற்க முடியாதவர். வெறும் எண்ணெய் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, கோர்னர் கொடிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டு அதில் இருப்பார். இரண்டு விரலால் அந்த டின்னின் பக்கத்தில் தட்டத் தொடங்குவார். முதலில் அவருக்குப் பக்கத்தில் உள்ள நாலு பேருக்குத்தான் கேட்கும். அவர்கள் கையைத் தட்டுவார்கள். பிறகு பின்னால் நிற்கிறவர்கள். எங்கள் அணி பந்தோடு முன்னேறினால் தட்டு வேகமாகும், பந்து பறிபோனால் மெதுவாகும். அந்தத் தாளத்துக்குத்தான் எங்கள் பக்கம் முழுவதும் சத்தம் போடும். நிற்கிற இளந்தாரிகள் ஒருவரும் அதைத் தொடக்கியதில்லை, இருந்துகொண்டு அவர்தான் தொடக்குவார். இரண்டு ஊருக்கு அவர் வராமல் போனோம். ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினோம், ஒன்றும் சேரவில்லை.

உங்களுக்குச் சில வழிகள். பஸ்ஸில் முன்வாசலுக்குப் பின்னால் உள்ள முதல் ஆசனத்தைக் கேளுங்கள், காலை நீட்டி வைக்க இடம் இருக்கும். மடிக்கிற கதிரை ஒன்று கொண்டு போங்கள். மைதானத்தில் நடுக்கோட்டுப் பக்கம் வேண்டாம், அங்கே ஆட்கள் குறுக்கே நடந்துகொண்டே இருப்பார்கள். கோர்னருக்குக் கிட்ட, முதல் வரிசையின் ஓரத்தில் போடுங்கள். காலைக் கழற்றி வைத்துவிட்டு இருக்க விரும்பினால் அப்படியே செய்யுங்கள், யார் என்ன நினைப்பார் என்று பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் சக்கர நாற்காலிக்காரருக்கு இடம் அமைக்கும்போது, முன்னால் உள்ளவர்கள் எழும்பி நின்றாலும் அவருக்குப் பார்வை மறையாத உயரத்தில் அமைக்க வேண்டும் என்று வழிகாட்டி வைத்திருக்கிறார்கள். யுத்தம் இத்தனை பேரின் காலை எடுத்த நம் மண்ணில் அதை நாம்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும். ஒவ்வொரு கழகமும் பஸ்ஸில் ஏறுகிற நேரம் ஒரு பொடியனைக் காட்டி, "இன்றைக்கு இவருக்கு முன்னால் ஒருவரும் நிற்காமல் பார்ப்பது உன் வேலை" என்று ஒப்படைக்கட்டும்.

கேள்வி: வெளியூர் ஆட்டத்துக்கு இரவுப் பயணம். பஸ்ஸில் 54 ஆசனம். வர விரும்புகிறவர்கள் 70 பேருக்கு மேல். மிச்சப் பேர் நின்றுகொண்டு வருகிறோம் என்கிறார்கள். நிற்கிற ரசிகர்கள்தானே என்று ஏற்றலாமா?
(வாழைச்சேனையிலிருந்து ஒரு கழகப் பொருளாளர்)

ஏற்ற வேண்டாம். பகலில் ஏறாவூருக்குப் போய் வருவதென்றால் அது வேறு கதை. நீங்கள் கேட்பது இரவுப் பயணம். வென்றாலும் தோற்றாலும் திரும்பி வரும்போது நின்றபடியே நித்திரை கொள்வார்கள். சாரதி ஒரு பிரேக் போட்டால் அத்தனை பேரும் முன்னால் போய் விழுவார்கள், அங்கே பிடித்துக்கொள்ள இடுப்பளவுக் கம்பி இல்லை. ஒரு வான் சேர்த்துப் பிடியுங்கள். காசு காணாவிட்டால் பெயர் எழுதி, இந்த முறை வராதவருக்கு அடுத்த முறை முதல் இடம் என்று கொடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 14 வயது, பாடசாலை அணியில் ஆடுகிறாள். என் தம்பி ஆடுகிற வெளியூர் ஆட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக ஆசை. நின்று பார்க்கிற கூட்டத்துக்குள் எங்கே நிற்பது?
(ஓட்டமாவடியிலிருந்து ஒரு வாசகி)

தங்கச்சி, கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். நடுவில் நிற்காமல் ஓரத்தில் நில்லுங்கள், வெளியே போகிற வழி உங்கள் கைப்பக்கம் இருக்கட்டும். கூட்டம் சரியும்போது நடுவில் உள்ளவருக்குத்தான் விலக இடம் இல்லாமல் போகும். மகள் சத்தம் போட்டால் போடட்டும், அவள் மாமா ஆடுகிற ஆட்டம்.

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் மைதானத்துக்கு வெளியூர் அணி ஒன்று வருகிறது. இரண்டு பஸ்ஸில் ஆதரவாளர்கள் வருவார்கள் என்று தகவல். போன வருடம் வந்தவர்களை எங்கே விடுவது என்று தெரியாமல் கடைசியில் வாய்த்தர்க்கம் ஆகிவிட்டது. கதிரை போட வசதி இல்லை. எப்படி ஒழுங்கு செய்வது?
(காத்தான்குடியிலிருந்து ஒரு கழகச் செயலாளர்)

செயலாளர் அவர்களே, வருகிறவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று நினைத்துக் கடிதம் எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் போன ஊர்களில் முக்கால்வாசி இடத்தில் எங்களுக்கு ஒரு இடமும் காட்டியதில்லை.

முதலில் தரை. பிரிட்டன் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி, பத்துச் சதுர மீற்றருக்கு 47 பேருக்கு மேல் நிற்க விடக் கூடாது என்கிறது. அது சீரான படியும் தடுப்புக் கம்பியும் உள்ள இடத்துக்கான உச்சம். நம் மணலுக்கு அதில் பாதிக்கும் குறைவாக வையுங்கள், ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு பேர். 20 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம் அளந்து விட்டால் 200 பேர் காற்றோட்டமாக நிற்கலாம். இரண்டு பஸ்ஸுக்கு அது தாராளம். முன்னால் இரண்டு மீற்றரில் படங்கு விரித்து விடுங்கள், இருக்கிறவர்கள் அதில் இருப்பார்கள், நிற்கிறவர்கள் அவர்களுக்குப் பின்னால்.

மூன்று பக்கம் கயிறு கட்டுங்கள். பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். தகரமோ முள்ளுக்கம்பியோ வேண்டவே வேண்டாம். ஏதும் நடந்தால் கயிற்றுக்குக் கீழால் குனிந்து போகலாம், தகரத்துக்குள்ளால் போக முடியாது. ஹில்ஸ்பரோவில் அந்த முன்வேலி மட்டும் இல்லாதிருந்தால் எத்தனையோ பேர் மைதானத்துக்குள் இறங்கித் தப்பியிருப்பார்கள்.

பலகை அடித்து மேடை கட்டலாமா என்று கடித முடிவில் கேட்டிருக்கிறீர்கள். கட்டினால் அடியில் ஒரு கடதாசித் துண்டும் இருக்கக் கூடாது. 1985 மே 11ஆம் திகதி பிரட்ஃபோர்ட் நகரில், மக்கள் கதிரைகளில் இருந்து பார்த்த ஒரு பழைய மர அரங்கு எரிந்தது. அடியில் வருடக்கணக்காகச் சேர்ந்து கிடந்த குப்பையில் தீப் பிடித்து, நாலைந்து நிமிடத்துக்குள் கூரை முழுவதும் எரிந்தது. பின்வாசல்கள் பூட்டியிருந்தன. 56 பேர் போய்விட்டார்கள். இருந்து பார்த்தால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். உங்களிடம் காலம் குறைவு, மேடையை விட்டுவிட்டு மணலிலேயே செய்யுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

அடுத்தது மதில். ஒரு ஊரில் எங்களுக்கு இடம் காட்டாததால் எங்கள் பொடியள் பன்னிரண்டு பேர் மைதான மதிலில் ஏறி நின்றார்கள். அரை மணியில் மதில் நடுவில் வெடித்து வெளிப்பக்கம் சரிந்தது. ஒரு பொடியனுக்கு மணிக்கட்டு முறிந்தது. அவன் கையைத் துவாயால் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். வழி முழுக்க அவன், "கோல் விழுந்ததா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவனுக்கு நிற்க ஐந்து மீற்றர் மண் தரை கொடுத்திருந்தால் மதிலில் ஏறியிருக்க மாட்டான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வாசல். வருகிறவர்களுக்கு உங்கள் மைதானம் தெரியாது. பஸ்ஸால் இறங்கியதும் கண்ணுக்கு நேரே தெரிகிற வழியால்தான் போவார்கள், அது உங்கள் ஆட்கள் நிற்கிற இடத்துக்குள் போனால் போன வருடம் நடந்தது மறுபடி நடக்கும். முகம் தெரிந்த, மரியாதையாகப் பேசத் தெரிந்த இரண்டு பேரை வாசலில் நிறுத்துங்கள். "வாங்க, உங்கட இடம் இந்தப் பக்கம், தண்ணி அங்க இருக்கு, கழிவறை அந்தா" என்று கையைக் காட்டிவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அதே இரண்டு பேர் அவர்களைப் பஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகட்டும்.

மூன்று பக்கத்துக்கும் 30 மீற்றர் கயிறு போதும். எங்கள் வீட்டில் நீல நைலோன் கயிறு ஒரு சுருள் கிடக்கிறது, முன்பு எங்கள் கழகத்துக்குக் கட்டியதுதான். ஆசிரியரிடம் என் இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முதல் நாள் ஒருவரை அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.